இலுப்பெண்ணெயில் ஓடிய எஞ்சின்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது நிஜமாகவே பாகூரில் நடந்தது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். யுத்தம் உச்சத்தில் இருந்த வருஷம்.

குருடாயில் எங்கேயும் கிடைக்கவில்லை. பண்ணையில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினை ஓட்டிய குழந்தைவேலுக்குக் கையொடிந்த மாதிரி ஆகிவிட்டது. பண்ணை நிலத்தோடு, அவன் வாரத்துக்குப் பயிரிட்ட அரைக்காணி நெல்லும் கதிர் வாங்கும் நேரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. ஆள் சரியான பிடிவாதக்காரன். இலுப்பெண்ணெயை ஊற்றி ஓட்டிப் பார்த்தான். எஞ்சின் கரும்புகை கக்கியது, இடித்தது, நின்றது. எண்ணெய்க் குழாயைப் புகைக்குழாயில் சுற்றிச் சூடாக்கினான். எண்ணெய் பீய்ச்சும் நேரத்தை மயிரிழை முன்னே தள்ளினான். எல்லாம் கைகூடி வந்தபோது எண்ணெய் தீர்ந்துவிட்டது.

வீட்டில் ஒரு குடுவை இலுப்பெண்ணெய் இருந்தது. மகள் அமிர்தம் ஒரு வாரமாக ஜுரத்தில் கிடந்தாள். அவள் எழுந்து உட்காரும்வரை விளக்கு மலையேறக் கூடாது என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, அவன் பெண்சாதி பவுனம்மாள் பிள்ளையின் தலைமாட்டில் ஏற்றி வைத்திருந்தாள். விளக்கு அணைந்தது என்று அந்தப் பக்கம் யாரும் சொல்ல மாட்டார்கள், மலையேறியது என்பார்கள்.

"அதுல கை வெக்காதய்யா. அம்மனுக்கு எடுத்து வெச்சது."

"பயிரு போனா இன்னாத்த துன்றது? பொழுது சாயறதுக்குள்ள வேற வாங்கியாறேன்."

விளக்கைத் தளும்பத் தளும்ப நிரப்பிவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு போனான். எஞ்சின் கொட்டகை மூன்று கல் தூரம். சத்தம் ஒருநாளும் வீட்டுக்கு எட்டியதில்லை.

எஞ்சின் ஓடியது. புகையே இல்லை! மடை திருப்பிக்கொண்டிருந்த மாரிமுத்து வயலிலிருந்து கத்தினான்.

"அண்ணே, தண்ணி பிச்சிக்கினு வருது! நிறுத்திடாத!"

குழந்தைவேலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

உச்சிப் பொழுது. தொட்டியை எட்டிப் பார்த்தான்.

காலி.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

எண்ணெய்த் திருகை மூடினான். ஓடியது. குழாயையே கழற்றினான். ஒரு சொட்டு இல்லை. ஓடியது...

டுப்... டுப்டுப்... நடுவில் ஓர் இழுப்பு... டுப்...

அந்த இழுப்பு அவனுக்குத் தெரியும். ஒரு வாரமாகப் பிள்ளையின் பாய்க்குப் பக்கத்தில் படுத்துக் கேட்டது.

பிறகு சத்தம் மாறியது.

யப்பா... யப்பா... யப்பா...

ஓடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எஞ்சின்காரனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வால்வைத் தூக்கும் பிடியை இழுத்தான்.

ஹ்ஹ்ஹ்...

நின்றது.

வீட்டுக்கு ஓடினான். வாசலில் கூட்டம். பவுனம்மாள் அழக்கூட இல்லை.

"வெளக்குல எண்ணெ தளும்புது பாரு. உச்சிப் பொழுதுல தானா மலையேறிடுச்சு. அப்பவே போயிடும்னு நெனச்சேன்... மூச்சு மட்டும் ஓடிக்கினே இருந்துச்சு."

"அப்புறம்?"

"திடீர்னு கண்ணத் தொறந்துச்சு. 'ம்மா, யப்பா எஞ்சின நிறுத்திட்டாரு'ன்னுச்சு. அவ்ளோதான்."