இரண்டு பக்கமும் உபயம்

கோயில் ட்யூப்லைட்டில் தாத்தா பெயர், பேரன் பெயர் எல்லாம் எழுதி வெளிச்சத்தை மறைத்துவிடுகிறார்களே, அதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அறுபதுகளில் செஞ்சியில் நான் படித்த பெண்கள் பள்ளியில் அதே வேலையை எங்கள் பேண்டின் பெரிய டிரம்முக்குச் செய்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

பையன்கள் பள்ளியில் பேண்ட் இருந்தது. எங்களுக்கு இல்லை. கேட்டதற்குத் தலைமையாசிரியை, "பாட்டு வாத்தியத்துக்கெல்லாம் கவர்மெண்ட்ல பணம் தர மாட்டாங்க. வேணும்னா நீங்களே சம்பாதிச்சு வாங்கிக்குங்க" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னார். நாங்கள் நிஜமாக எடுத்துக்கொண்டோம்.

தொண்டூரில் ஒரு சமணக் குடும்பத்தின் நிலத்தில் மல்லாட்டை அறுவடை நடந்துகொண்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் அதை நிலக்கடலை என்பார்கள். சனி, ஞாயிறு விடாமல் எங்கள் வகுப்பே டிரில் டீச்சரோடு நடந்து போய்க் கொடியிலிருந்து காய் பறித்தது. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, திங்கட்கிழமை பேனா பிடிக்க முடியாது. நிலத்துக்காரர் கூலியில் ஒரு பைசா பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் உங்கள் பெயரைச் சொல்லட்டுமா என்று டீச்சர் கேட்டதற்கு, "பேரு கீரெல்லாம் வேணாம்மா, மழை வர்றதுக்குள்ள பறிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

அப்படியும் டிரம் வாங்கப் பணம் கொஞ்சம் குறைந்தது. அந்தக் கொஞ்சத்தைத்தான் ஊரில் இருந்த ஒரு ரைஸ் மில் முதலாளி கொடுத்தார்.

மெட்ராஸிலிருந்து பஸ் கூரைமேல் டிரம் வந்து இறங்கியது. டிரில் டீச்சர் ஒவ்வொருத்தியையும் அடிக்க வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நடந்துகொண்டே தாளம் தப்பாமல் அடிக்க எனக்குத்தான் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? ஊரில் சாவு விழுந்தால் மோளம் அடிக்க எங்கள் தெருவுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். என் நைனா மட்டும் அந்த வேலையே வேண்டாம் என்று உதறிவிட்டு ரோடு போடும் கூலிக்குப் போனவர். டிரம் விஷயம் தெரிந்ததும் அவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

"நாங்க அடிச்சது பத்தாதா? அதுக்கா உன்ன பள்ளிக்கூடம் அனுப்பனேன்?"

"இது சாவுக்கு இல்ல நைனா. குடியரசு தினத்துக்கு. கொடிக்கு முன்னாடி."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் முதலாளி ஒரு போர்டு பெயிண்டரை அனுப்பினார். டிரம்மின் ஒரு பக்கத்துத் தோலில் "உபயம்" என்று மேலே எழுதி, அதன்கீழ் முதலாளி பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், மில் பெயர், எல்லாவற்றுக்கும் நிழல் வைத்து மூன்று கலரில் தீட்டினான் அந்த மனிதன். தெருவில் எதிர்ப்பக்கம் நிற்கிற ஜனங்களும் படிக்க வேண்டாமா? அதனால் இன்னொரு பக்கத்திலும் அதையே எழுதினான். மல்லாட்டை பறித்த நாற்பது பெண்களுக்கு ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அதைக்கூட மன்னித்துவிடலாம்.

முதலாளி தலைமையில் பேண்டுக்குத் தொடக்க விழா. ஓங்கி அடித்தேன். நெல் மூட்டையைத் தட்டியதுபோல் தொப்பென்றது. இன்னும் ஓங்கி அடித்தேன். தொப், தொப். முன்வரிசையில் சிரித்தார்கள். முதலாளி தலைமையாசிரியை பக்கம் சாய்ந்து, எனக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்: "சாவு மோளமா இருந்தா நல்லா அடிச்சிருக்கும் அந்தப் பொண்ணு."

தலைமையாசிரியையும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை.

சாயங்காலம் நைனாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். வீட்டில் மோளத்தைப் பற்றி வாயே திறக்காதவர், "பெயிண்ட்டா? தோலு மேலயா?" என்று கேட்டார். "அப்பறம் அது எப்பிடிப் பேசும்? அத்தக் கெடுத்துட்டு உன்னத் திட்றாங்களா?"

மறுநாள் தலைமையாசிரியையிடம் போய், பெயிண்ட்தான் காரணம் என்றேன். "பெரிய மனுஷர் பேரையா குறை சொல்றே? குடியரசு தினத்தன்னிக்கும் இப்படியே அடிச்சா உன்னை பேண்ட்லேர்ந்து எடுத்துடுவேன்" என்றார்.

கொடியேற்றத்துக்கு முந்தைய நாள், மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் டிரில் அறைக்குள் போனேன். பென்சில் சீவும் பிளேடு கையில் இருந்தது. நான் அடிக்கும் பக்கத்தை மட்டும், தோலில் கீறல் விழாமல், தாத்தாவிலிருந்து ஆரம்பித்துச் சுரண்டினேன். மில் போயிற்று, அப்பா போனார், முதலாளியும் போனார். மேலே விளிம்போரம் இருந்த "உபயம்" சுரண்டுவதற்குள் மணி அடித்துவிட்டது.

மறுநாள் ஊர்வலம் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் முதல் அடி அடித்தேன். ராஜகிரி மலையில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வெளியே வந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நைனா நின்றிருந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கொடி மேடைக்கு முன்னால் அணி திரும்பியபோதுதான், அங்கே உட்கார்ந்திருந்த முதலாளி நான் சுரண்டிய பக்கத்தைப் பார்த்தார். உபயம் என்று இருக்கிறது, யார் உபயம் என்று இல்லை. அவர் முகம் போன போக்கை நான் அடித்துக்கொண்டே பார்த்தேன்.

திங்கட்கிழமை பிரார்த்தனையில் என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்கள். "டிரம் கேட்டுச்சா இல்லியா டீச்சர்?" என்று கேட்டேன். அதற்குத் திமிர் என்றுதான் சொன்னார்கள். பேண்டிலிருந்து என்னை நீக்கினார்கள். பெயிண்டர் மறுபடி வந்து, இந்தத் தடவை இன்னும் தடிமனாக எழுதினான்.

ஆகஸ்ட் பதினைந்துக்கு நைனா தானாகவே என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். நல்ல கூட்டம். பின்னால் நின்ற எங்களுக்குத் தலைகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. புல்லாங்குழல் சத்தம் போயிற்று, சின்ன டிரம்கள் போயின. நைனா காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். கூட்டம் கலைய ஆரம்பித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, இந்த வாட்டி பெரிய டிரம்மு வரலியா?"

"அது அப்பவே போயிடுச்சி, நைனா."