அக்காளுக்கு வாசித்துக் காட்டாத வரி

அக்காள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் அனைவரும் அவர்களை அறிந்தவர்கள். அவர்களுடைய நற்குணங்களை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் அறியாத ஒன்றை எழுதவே தம்பியாகிய நான் பேனாவை எடுத்தேன். எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்ட தாள்கள் பல.

தூத்துக்குடியில், மாதா கோயில் மணி கேட்கும் தெருவில், எங்கள் வீட்டுத் தலைப்பிள்ளையாக அக்காள் பிறந்தார்கள். அம்மா காலமானபோது அவர்களுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஆறு. அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஆனால் நான் பாடம் வாசிக்கும்போது மீன் ஆய்ந்துகொண்டே பக்கத்தில் இருப்பார்கள். எழுத்து தெரியாதவர்கள், நான் ஒரு வரியைத் தாண்டினால் மட்டும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"ஏலே, எதையோ முழுங்கிட்ட. திரும்ப வாசி."

அப்படி வாசித்துத்தான் நான் வாத்தியார் ஆனேன். முப்பது வருடமாகப் பூகோளம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு முறைகூடக் கடல் தாண்டியதில்லை.

அக்காள் இருபது வயதில் கலியாணமாகிக் கொழும்புக்குப் போனார்கள். அத்தானுக்குத் துறைமுகச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் வேலை. கொச்சிக்கடையில் ஒரு முடுக்குச் சந்தில் குடியிருந்தார்கள். பிள்ளைப்பேறு இல்லை. அடுத்த வீட்டில் நம் பக்கத்துப் புன்னைக்காயலைச் சேர்ந்த சூசை, தோணி ஓட்டுபவர், மனைவி மக்களோடு இருந்தார்.

எங்கள் வீடு மேசைக்காரர் வீடு, மேசையில் சாப்பிடும் பெரிய வீடு, என்பது உங்களுக்குத் தெரியும். தாத்தா காலத்துத் தேக்கு மேசை இன்னும் இருக்கிறது. தோணியிலும் வலையிலும் பிழைப்பவர்கள், நம்மோடு ஒரே கோயிலில் நற்கருணை வாங்குகிறவர்களே ஆனாலும், அதில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவர்களுக்குப் பின் தாழ்வாரம். கொழும்புக்குப் போன புதிதில் அக்காளும் அப்படியேதான் இருந்தார்களாம். சூசையின் மனைவி கொடுத்தனுப்பும் குழம்பை வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு பூனைக்கு ஊற்றிவிடுவார்களாம். இதை அவர்களே என்னிடம் சொன்னார்கள்.

"அந்தப் பிள்ளைக்கு அது தெரியும் தம்பி. பூனை கொழுத்ததப் பாத்தே கண்டுபிடிச்சிட்டா. ஆனாலும் குழம்பு வாரது நிக்கல."

பிறகு, யுத்த காலத்தில், அத்தானுக்குச் சன்னிக் காய்ச்சல் வந்தது. "என்ன ஆளுன்னு நெனைக்க நேரமில்ல. கதவத் தட்டினேன், தொறந்தாக." அவ்வளவுதான் சொல்வார்கள். சூசை அத்தானைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அத்தான் பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்து நாற்பது நாள் அக்காள் சூசை வீட்டுக் கஞ்சியைத்தான் குடித்தார்கள், அவர்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து.

அடுத்து வந்த, இயேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளன்று கொழும்பில் குண்டு விழுந்தது. சூசை தம் குடும்பத்தோடு அக்காளையும் தோணியில் ஏற்றிக் கரை சேர்த்தார். அக்காளின் பெட்டியைத் தலையில் சுமந்து எங்கள் வாசல்வரை வந்தார். பகல் சாப்பாட்டு நேரம். என் மனைவி அக்காளுக்கு மேசையில் தட்டு வைத்தாள். சூசைக்குத் தாழ்வாரத்தில் இலை போட்டிருந்தது.

"சூசை, இங்கன வா. எம்பக்கத்துல உக்காரு" என்றார்கள் அக்காள்.

"வேண்டாம்க்கா. எனக்கு அங்கன போட்டிருக்காக."

"அங்கனயா? ஏலே தம்பி, இவன் வீட்டுச் சோறு தின்னுட்டுத்தான் நான் உசுரோட வந்திருக்கேன்."

சூசை தலை குனிந்து நின்றார். எனக்கு அப்போது கலியாண வயதில் இரண்டு பெண்கள். தெருவார் என்ன சொல்வார்கள், சம்பந்தம் பேச யார் வருவார்கள் என்ற பயம்தான் முதலில் வந்தது. "அது கொழும்பு அக்கா. இது தூத்துக்குடி" என்றேன்.

அக்காள் தம் தட்டை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய், சூசைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்கள்.

அன்று மட்டுமல்ல. ஐந்து வருடம் அவர்கள் மேசைக்கு வரவேயில்லை. கோபமாகவும் இருந்ததில்லை. என் பெண்கள் இருவரின் கலியாணப் பலகாரமும் அவர்கள் கைப்பட்டதுதான். அரிசித் தட்டுப்பாட்டில் தெருவே வாடியபோது, தம் பங்குக் கஞ்சியை யாருக்கோ ஊற்றிவிட்டுப் பசியில்லை என்றவர்கள். சாப்பாட்டு வேளை வந்தால் மட்டும் தட்டோடு தாழ்வாரம். கேட்டால், "இங்கன காத்து நல்லா வருது" என்பார்கள். என் பூகோளப் படத்தைக் காட்டிக் கேலியும் செய்வார்கள்: "இதுல கொழும்பு ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குள்ள நான் முப்பது வருசம் இருந்திருக்கேன். நீ புள்ளி வைக்கதோட சரி."

இன்று கூப்பிடலாம், நாளை கூப்பிடலாம் என்றிருந்தேன். நாளடைவில் அது எங்கள் வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது.

யுத்தம் முடிந்து என் மூத்த மகனுக்குச் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. கண்ட இடத்தில் சாப்பிடாதே, ஆள் பார்த்துப் பழகு என்று ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தேன். அக்காள் அவன் நெற்றியில் சிலுவை வரைந்து, "எவன் சாப்பிட்டியான்னு கேக்கானோ, அவன் வீட்ல உக்காந்து சாப்பிடு" என்று மட்டும் சொன்னார்கள்.

அக்காள் மூச்சிரைப்பில் படுக்கையில் கிடந்த நாட்களில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. காய்ச்சலில் மூன்று வாரம் கிடந்தானாம். படகு ஓட்டும் மலாய்க்காரர் ஒருவர் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாராம். அவர் மனைவி கஞ்சி ஊட்டினாளாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அக்காளுக்கு வாசித்தேன். முடிவில் இப்படி ஒரு வரி இருந்தது: "அவருக்கு நம் ஊரைப் பார்க்க ஆசை. அவர் வந்தால் நம் வீட்டில் எங்கே உட்கார வைப்பீர்கள், அப்பா?"

அந்த வரியை நான் வாசிக்கவில்லை. கடிதத்தை மடித்தேன்.

அக்காள் கண்ணைத் திறக்காமலே, "ஏலே, எதையோ முழுங்கிட்ட" என்றார்கள்.

"இல்லக்கா. அவ்வளவுதான்."

"சரி" என்றார்கள்.

மூன்றாம் நாள் காலைப் பூசை மணி அடிக்கும்போது அவர்கள் உயிர் பிரிந்தது. திரும்ப வாசி என்று ஏன் சொல்லவில்லை என்று இந்த ஓராண்டாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் மகன் யார் வீட்டுக் கஞ்சியில் பிழைத்தான் என்பது தெரிந்த பிறகும், அன்று சூசைக்குத் தாழ்வாரத்தில் இலை போட்டது தவறு என்று அக்காளிடம் நான் சொல்லவில்லை. அவனுடைய கேள்விக்கும் இன்றுவரை பதில் எழுதவில்லை.

அடக்கத்தன்று சூசை சொல்லியனுப்பாமலே வந்து, கல்லறைவரை தோள் கொடுத்தார். வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், இறுதி மந்திரம் ஓதிய சுவாமிக்கும், இரவு பகல் துணையிருந்த தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சூசைக்கு நன்றி என்று எழுதக் கை கூசுகிறது.

சென்ற வாரம் புன்னைக்காயலுக்குப் போய், ஆண்டு நினைவுச் சாப்பாட்டுக்கு அவரை அழைத்தேன். தோணிப் பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார்.

"எங்கன உக்காரணும் ஐயா?"

"மேசையில்தான். என் பக்கத்தில்."

அவர் கையிலிருந்த பஞ்சைத் திரித்துக்கொண்டே இருந்தார். "அக்கா அஞ்சு வருசம் தாழ்வாரத்துல சாப்பிட்டாக. இப்ப நான் மட்டும் மேசையில உக்காந்தா, தொண்டையில எறங்குமா ஐயா?"

ஆகையால் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பூசை முடிந்து வீட்டுக்கு வாருங்கள். மேசையில் இலை போடப்படாது. பின் தாழ்வாரத்தில் பாய் விரித்திருக்கும். நானும் சூசையும் அங்கேதான் இருப்போம். மகனுக்கு எழுதும் பதிலாக இந்த மலரையே சிங்கப்பூருக்கு அனுப்புகிறேன்.

அங்கே வந்து உட்கார மனமில்லாதவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. ஐந்து வருடம் நானும் அங்கே போய் உட்காராதவன்தான்.