மோட்டார் கொட்டகையில் ஒரு சர்வர்

கொட்டகைக்குள் நுழைந்ததும் கல்பனா முதலில் செய்வது, லேப்டாப்பின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பதுதான். காய்ச்சல்காரக் குழந்தையைத் தொட்டுப் பார்க்கிற அதே கை. சூடாக இருந்தால், அடியில் முட்டுக்கொடுத்திருக்கும் ஓட்டுத் துண்டுகளைக் கொஞ்சம் நகர்த்திக் காற்றுக்கு வழிவிடுவாள். ஆறிக் கிடந்தால், "செத்துடுச்சி, கரண்ட் இல்ல" என்று சுவரிடம் சொல்லிவிட்டு, பல்லி எச்சத்தைத் துப்பட்டாவால் துடைப்பாள்.

எங்கள் உறுவையாறு கிராமத்தில் முப்பது பேர் நிலத்துக்குப் பொதுவான போர்வெல்லின் மோட்டார் கொட்டகை அது. உள்ளே ஸ்டார்ட்டர் பெட்டி, இரண்டு யூரியா மூட்டை, போன வருடத்து அம்மன் காலண்டர். நடுவில் ஒரு பலகை மேல், நான்கு கீ பெயர்ந்துபோன பழைய லேப்டாப். அதுதான் சர்வர். சர்வர் என்றால் பெரிய ஏசி அறையில் அல்லவா இருக்கும் என்று கேட்டேன். "இதுவும் ஏசிதான் சார், ஓட்டுல ரெண்டு ஓட்ட இருக்குது பாருங்க" என்றாள்.

கல்பனாவுக்கு முப்பத்தாறு வயது. வில்லியனூரில் ஒரு கம்பெனியில் பில் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டற்ற மென்பொருள் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தவள். கணவன் வீரமணிதான் இந்த மோட்டாரைப் போடுகிறவன். அவனுக்குப் போனில் பேசுவதென்றால் வேப்பங்காய். இன்றைக்கு யார் முறை, எத்தனை மணிக்குக் கரண்ட் என்று மெசேஜ் போட்டுவிட்டால் கடமை முடிந்தது. முறைக்காரர் வந்து மடையைத் திறக்காவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும்.

மெசேஜ் போவது நம் எல்லோருடைய போனிலும் இருக்கிற அந்தப் பச்சை ஆப்பில். அதில் எங்கள் ஊர் விவசாயிகள் குழுவுக்கு அட்மின் யார்? ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவ்வப்போது பத்திரிகையில் எழுதுகிறவருமான அடியேன்தான். தினமும் ஐந்தரைக்குப் பனித்துளியோடு ஒரு ரோஜாவும் 'இனிய காலை வணக்கமும்' போடாவிட்டால் எனக்குக் காப்பி இறங்காது. அந்த ரோஜாவை யாராவது திறந்து பார்க்கிறார்களா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

போன நவரைப் பட்டத்தில், முப்பது பேரில் ஒருத்தியான மணியம்மாளின் நெற்பயிர் பால் பிடிக்கும் சமயம். பத்து மணிக்கு அவள் முறை என்று வீரமணி மெசேஜ் போட்டான். என் கெட்ட நேரம், அன்றைக்கு என் பிறந்தநாள். எண்பத்து நான்கு வாழ்த்து. எண்பத்து நான்குக்கும் தனித்தனியாகக் கைகூப்பி நன்றி சொன்னேன், மரியாதை தெரிந்த மனுஷன் இல்லையா! வீரமணியின் மெசேஜ் அதற்கடியில் புதைந்துபோனது. மணியம்மாளின் கால் காணி இன்னும் ஐந்து நாள் காய்ந்தது. அவள் பேருந்து நிறுத்தத்தில் வைத்து, பத்துப் பேர் முன்னால் கேட்டாள்: "உனுக்குப் பொறந்தநாளுன்னா எம் பயிரு சாவணுமா வாத்தியாரே?"

நான் தலையைச் சொறிந்தேன். கல்பனா வேலையைப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் லேப்டாப்பில் ஒரு குழு அரட்டையை நிறுவி, அதற்கு 'வாய்க்கால்' என்று பெயரும் வைத்துவிட்டாள். "இதோட ப்ரோகிராம் எல்லாருக்கும் தொறந்து கெடக்குது சார். யாரு வேணா எடுத்துத் தன் மிஷின்ல வச்சிக்கலாம். நம்ம பேச்சு நம்ம கொட்டாய்ல இருக்கணும்." இந்தக் கடைசி வரியை அவள் ஒரு நாளில் எத்தனை முறை சொல்வாள் என்பதற்குக் கணக்கே கிடையாது. வாய்க்காலில் இரண்டு அறைகள்: ஒன்று 'முறை', மற்றது 'வணக்கம்'. இரண்டாவது அறை யாருக்காகக் கட்டப்பட்டது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீடு வீடாகப் போனாள். "பச்சையிலதான் எல்லாரும் இருக்கறமே, இது இன்னாத்துக்கு?" என்று வாசலிலேயே அனுப்பினார்கள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அறுப்புக்குள்ள முப்பது பேரும் வரணும். வரலன்னா லேப்டாப்ப எடைக்குப் போட்டுட்டு வாய மூடிக்கினு பில்லு போடறேன்" என்றாள். ஒரு மாதம் கழித்து வாய்க்காலில் இருந்தது நான்கு பேர்: அவள், வீட்டில் சோறு சாப்பிட வேண்டியிருந்த வீரமணி, குற்ற உணர்ச்சியோடு நான், அப்புறம் மணியம்மாள்.

இதில் அவளுக்கு ஒரு மானக்கேடு வேறு. லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ போய்விட்டது. கொட்டகைக்கு விவசாயக் கரண்ட் நாளில் சில மணி நேரம்தான், அது போனால் சர்வரும் போய்விடும், வந்தால் தானே எழுந்துகொள்ளும். எழுந்ததும் எல்லோருக்கும் 'வந்துட்டேன், இன்னிக்கி முறை இன்னார்' என்று ஒரு வரி போகும்படி செய்திருந்தாள். வாய்க்காலில் எது வந்தாலும் போனில் ஐஸ் வண்டி மணி அடிக்கும்.

இந்த மானக்கேடுதான் அவளைக் காப்பாற்றியது. மணி அடித்ததும் மணியம்மாள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பதைத் தெருவே பார்த்தது. கொட்டகையில் கரண்ட் வந்தது இவளுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? விஷயம் பரவியது. கரும்பு போட்டிருக்கும் புகழ்வேந்தன்கூட, பிடிகொடுக்காத மனுஷன், தானே போனை நீட்டினார். "எனுக்கும் அந்த மணியப் போட்டுக் குடும்மா." அறுப்புக்கு முன்பே முப்பது பேரும் சேர்ந்துவிட்டார்கள். நான் சும்மா இருப்பேனா? கிராமத்தில் மலரும் தகவல் சுதந்திரம் என்று ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன். அச்சிலும் வந்து தொலைத்தது.

அதைப் படித்துவிட்டுக் கல்பனா விழுந்து விழுந்து சிரித்தாள். "கரண்ட் வந்தா மணி அடிக்கற பொட்டி கடையிலயே விக்குது சார். நான் ரெண்டு மாசம் மண்டய ஒடச்சிக்கினு அதையேதான் செஞ்சி வச்சிருக்கேன். நல்ல லூசு நானு." பிறகு சிரிப்பு நின்றது. "முப்பது பேர்ல ஒருத்தராவது உள்ள வந்து ஒரு வார்த்த பேசனாங்களா?" எனக்கே பாவமாக இருந்தது.

தீபாவளி போனஸில் ஒரு பெரிய பேட்டரி வாங்கி வந்தாள். இனி வாய்க்கால் நாள் முழுக்க உயிரோடு இருக்கும். கரண்ட் வரும்போது 'வந்துட்டேன்' தனியாகப் போவதற்கும் வழி செய்தாள். "இனிமே பேசுங்க" என்று கூப்பிட்டாள்.

பேசினோம். முதல் ஆள் நான். ரோஜாவை 'வணக்கம்' அறையில் போட்டேன், அங்கே ஈ காக்கை இல்லை. 'முறை' அறையில்தான் எல்லோரும் பார்ப்பார்கள் என்று அங்கேயே போட்டேன். ஆசிரியரே போட்ட பிறகு மற்றவர்களுக்கு என்ன! புகழ்வேந்தனின் கரும்பு வீடியோ வந்தது, கல்யாணப் பத்திரிகை வந்தது, மூட்டுவலிக்குக் கைவைத்தியம் வந்தது. ஐஸ் வண்டி நாளைக்கு நாற்பது தரம் தெருவில் போனது. பாதிப் பேர் போனில் மணிச் சத்தத்தை அமுக்கிவிட்டார்கள். மணியம்மாளுக்கு அமுக்கத் தெரியாது, போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டாள். அடுத்த முறைத் தண்ணீரும் அவளுக்குத் தப்பியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கல்பனாவோடு கொட்டகையில் இருந்தபோது, சேற்றுக் காலோடு மணியம்மாள் வந்து நின்றாள். எனக்கு விழவேண்டியது எனக்கு விழும் என்று பம்மினேன். அவள் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை, அது இன்னும் சுட்டது.

"நல்லாத்தானேடி இருந்துச்சி கல்பனா. அதுக்கு இன்னாத்துக்கு உசுரு குடுத்த? பழையபடி கரண்டு போனா சாவட்டும், வந்தா பொழைக்கட்டும்."

"அப்டி வச்சா யாரும் பேச மாட்டாங்க அத்த. மணியக் கேட்டுட்டுப் போயிடுவாங்க."

"ஆமா, போவோம். வயலுக்குத்தான் போவோம். பேசணும்னா வரப்புல நிக்கறமே, அங்க பேசிக்கினாப் போச்சி."

கல்பனா பேட்டரியைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சார், இன்னிக்கி ரோஜா போட்டீங்களா?"

"போட்டேன்மா."

"எந்த ரூம்ல?"

நான் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன்.

அவள் குனிந்து பேட்டரியில் இருந்த லேப்டாப் பிளக்கைப் பிடுங்கினாள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே உள்ள பழைய பிளக் பாயிண்ட்டில் அதைச் செருகினாள். கரண்ட் இல்லாத நேரம், திரை கருத்துப்போனது. மணியம்மாள் திருப்தியாக மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு கிளம்பினாள். கல்பனா லேப்டாப்பின் மேல் புறங்கையை வைத்தாள். அது முழுக்க ஆறும் வரைக்கும் எடுக்கவில்லை.