சாமி பேரில் எழுதின வரவு

மயிலாப்பூரில் எங்காத்து முன்கட்டில் சின்னதாக ஒரு அச்சுக்கூடம். கல்யாணப் பத்திரிகை, கச்சேரி நோட்டீஸ் எல்லாம் அடிப்போம். மெஷினை என் ஆத்துக்காரர் பார்த்துண்டார், கணக்கை நான் எழுதினேன்.

ஒரு வருஷம் புயல் கூரையைப் பிச்சுண்டு போயிடுத்து. அடுக்கி வெச்சிருந்த காகிதம் அத்தனையும் கூழ். கூரை போட சர்க்கார் நிவாரணமா ஐம்பது ரூபாய் கொடுத்தது. தொழிலுக்குக் கடன் கொடுத்திருந்த மாம்பலத்து லேவாதேவிக்காரர் வந்து பார்த்தார், புரோநோட்டை அங்கேயே கிழிச்சுப் போட்டார். "விடுங்க சாமி, அறுநூறு ரூபாயும் போச்சுன்னு வெச்சுக்கிறேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துடுத்து.

எதிர்பாராம எது வந்தாலும் சாமி பேரில் எழுதி, மஞ்சள் தடவறது எங்காத்து வழக்கம். "கபாலீஸ்வரர் கிருபை வரவு, ரூபாய் அறுநூற்றைம்பது" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அசடு!

கணக்கைச் சோதிக்க வந்த வருமானவரி அதிகாரி அந்தப் பக்கத்திலேயே விரலை வெச்சார். "சாமி என்னம்மா தொழில் பண்றார்?" என்று கேட்டார். அந்த வரவால் நாங்கள் வரி வரம்பைத் தாண்டியிருந்தோம். புயலுக்கப்புறம் கையில காசே இல்லை, கட்டணும்னா மெஷினைத்தான் விக்கணும். என் ஆத்துக்காரருக்கு முகமே செத்துப்போச்சு.

எனக்கோ பயத்தையும் மீறி ஒரு குறுகுறுப்பு. "கையில காலணா வரலையே, கடன் போனா அது எப்படி சம்பாத்தியம் ஆகும்?" என்று கேட்டேன். அதிகாரி சிரிச்சுட்டார். நிவாரணத்துக்கு வரி கிடையாதாம், ஆனா அந்தக் காசில் போட்ட கூரையை நம்ம செலவுன்னு காட்டக்கூடாதாம். கடனா வாங்கின முதல் தள்ளுபடியானாலும் வருமானம் இல்லையாம், ஆனா அது கடன்தான்னு கொடுத்தவர் எழுதித் தரணுமாம். அடேயப்பா, இதுக்குள்ள இத்தனை இருக்கான்னு எனக்கு ஒரே ஆச்சரியம்.

லேவாதேவிக்காரர் கடிதம் வந்தது, மெஷின் தப்பிச்சுது. ஆனா அதில், "வசூலாகாத கடன் என்று என் கணக்கில் நஷ்டம் எழுதி, வரியில் கழித்துக்கொண்டேன்" என்றிருந்தது. இவர் ரெண்டு தரம் படிச்சார்.

"நான் வசூலாகாதவனா?" என்றார். நான் கிருபைன்னு எழுதினது அங்கே நஷ்டம்! எனக்கும் சுருக்குன்னுது.

அடுத்த மாசமே பத்து ரூபாயோட மாம்பலம் போனார். நானும் கூடப் போனேன். லேவாதேவிக்காரர் தலையில் கைவெச்சுக்கொண்டார். "ஐயோ சாமி, நஷ்டம்னு எழுதியாச்சே! இப்ப வாங்கினா இது எனக்கு வரவு, நான்ல வரி கட்டணும்!"

இவர் நோட்டை மேஜையில் வெச்சார்.

"கட்டுங்கோ" என்றார்.

அறுபது மாசம் போனோம்.