உள்ளே ஆள் இருக்கா?

லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் ஃபோன் எடுக்கிற வேலைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அதற்கு முன்னால் ஒரு செருப்புக் கடையில் நின்றாள். நாற்பது நிமிஷம் ஒரே ஜோடியைப் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு "அப்புறம் வர்றேன்" என்று நழுவுகிறவர்களைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துப் பழகியவள். பொறுமைக்கு அதைவிடப் பெரிய படிப்பு கிடையாது. பதினெட்டு வருஷத்தில் கம்பெனியின் பதினோரு மெக்கானிக்குகளுக்கும் அவள் அக்கா ஆகிவிட்டாள். அவளைவிட ஒன்பது வயது மூத்த மீசைக்காரருக்கும் அக்காதான்.

யார் ஃபோன் செய்து என்ன கத்தினாலும் அக்கா கேட்கிற முதல் கேள்வி, "உள்ள ஆள் இருக்கா?"

இருக்கிறது என்றால், பக்கத்தில் எந்த மெக்கானிக் இருக்கிறாரோ அவர் கை வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். இல்லை என்றால் வரிசைப்படி. இதற்காக அவள் யாருக்கும் வகுப்பு எடுத்ததில்லை. வருஷக்கணக்காகக் காதில் விழுந்தே ஊறிப் போயிருந்தது. மீசைக்காரர் ஒரு தடவை தூக்கத்திலேயே "உள்ள ஆள் இருக்கா?" என்று கேட்க, அவர் மனைவி பதறி எழுந்து பீரோவைத் திறந்து பார்த்தாளாம்.

முதலாளி நல்ல மனிதர்தான். வருஷத்துக்கு ஒரு கருத்தரங்குக்குப் போய்வருவார் என்பது ஒன்றுதான் குறை. திரும்பி வந்து ஒரு மாதம் அவரோடு யாராலும் பேச முடியாது. ஒரு வருஷம் கருத்தோடு நிற்காமல் ஆலோசகரையும் கையோடு கூட்டிவந்துவிட்டார். கொளுத்துகிற வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். வந்த அன்றே கோட்டுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"ஒரு கம்பெனிக்குத் தொலைநோக்குதான் உயிர். நீங்க எல்லாரும் ஒரே திசையைப் பார்க்கணும்," என்றார் கோட்டுக்காரர்.

"நாங்க மேலயும் கீழயும்தான் சார் பார்ப்போம்," என்றார் மீசைக்காரர், ரொம்ப மரியாதையாக.

தொலைநோக்கு பத்து நாளில் தயாரானது. 'செங்குத்துப் பயண அனுபவத்தை மறுவரையறை செய்து' என்று தொடங்கி, மூச்சுப் பிடித்து நாலு வரி ஓடி, 'உன்னதத்தின் உச்சம் தொடுவோம்' என்று வந்து விழுந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்கள். தினமும் காலை எட்டரைக்கு எல்லாரும் நின்று ஒப்பிக்க வேண்டும். முதல் வரி எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது வரியிலிருந்து முணுமுணுப்பு. கடைசியில் 'தொடுவோம்' மட்டும் கணீரென்று கேட்கும். முதலாளிக்குக் கண்கள் கலங்கிவிடும்.

ஒரு பெரிய ஹோட்டலில் இவர்கள் மாட்டிய புது லிஃப்டுக்குத் திறப்பு விழா வந்தது. மெக்கானிக்குகள் அத்தனை பேரும் புதுச் சட்டையில் வரிசையாக நிற்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. கோட்டுக்காரர் மைக்கைப் பிடித்த நேரத்தில் அக்காவுக்கு ஒரு ஃபோன் வந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கட்டடம். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே பார்சல் கொடுக்க வந்த பெண் ஒருத்தி. அக்கா மீசைக்காரரைக் கூப்பிட்டாள். அவரும் இன்னும் இருவரும் வரிசையிலிருந்து கழன்றுகொண்டு ஓடினார்கள். கரண்டை நிறுத்தி, மேலே மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றி, கூண்டைத் தளத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தார்கள்.

முதலாளி மத்தியானம் கொதித்துக்கொண்டு வந்தார்.

"யாரைக் கேட்டு அனுப்புனீங்க?"

"கேட்க நேரமில்ல சார்."

"அத்தனை பேர் முன்னாடி எனக்கு மானம் போச்சு."

"அங்க அந்தப் பொண்ணுக்கு உயிரே போயிட்டிருந்துச்சு சார்."

முதலாளி அந்த வாரம் மெக்கானிக்குகளை ஒவ்வொருவராக அறைக்கு அழைத்து, "நம்ம கம்பெனி எதுக்காக இருக்கு?" என்று கேட்டார். சட்டத்தில் இருந்ததை ஒருத்தராலும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. உள்ளே மாட்டினவர்களை வெளியே எடுக்கத்தான் என்று பதினோரு பேரும் சொன்னார்கள். மாதம் முடிவதற்குள் கோட்டுக்காரர் விடைபெற்றார். அக்கா மேலாளர் ஆனாள். அவளுடைய கேள்வியைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்டார் முதலாளி.

"வேண்டாம் சார். கண்ணாடிக்குள்ள போட்டா அதுவும் மாட்டிக்கும்."

கதை இங்கே முடிந்திருந்தால் அக்காவையே கருத்தரங்குகளில் பேசக் கூப்பிட்டிருப்பார்கள். முடியவில்லை. ஊரின் மறுகோடியில் ஒரு கிளை திறந்தார்கள். ஆறு புது மெக்கானிக்குகள், ஃபோனுக்கு ஒரு புதுப் பெண். அக்கா போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேள்வியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பெருமையோடு திரும்பி வந்தாள். மூன்று மாதம் கழித்து நேராக அவளுக்கே ஒரு ஃபோன்.

"உள்ள ஆள் இருக்கா?" என்றாள்.

"உள்ள இல்லம்மா. நான் வெளியில மாட்டிக்கிட்டிருக்கேன்," என்றது ஒரு கரகரத்த குரல்.

ஐந்தாம் மாடி. காலில் மாவுக்கட்டு. லிஃப்ட் நின்று நாலு நாள் ஆகிறது. புதுக் கிளைக்கு ஆறு தடவை ஃபோன் செய்திருக்கிறார். உள்ளே ஆள் இல்லையே என்று ஆறு தடவையும் வரிசையில் போட்டிருக்கிறார்கள். வரிசை நகரவே இல்லை. ஊரில் எங்காவது ஒரு லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டுதானே இருப்பார்கள்.

அக்கா மீசைக்காரரை அழைத்துக்கொண்டு போனாள். அவர் கீழே கதவு சுவிட்சைக் கழற்ற, இவள் படியேறினாள். மூன்றாம் மாடியிலேயே முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது. அந்த மனிதர் ஒரு மர ஸ்கேலைக் கட்டுக்குள் விட்டுச் சொறிந்துகொண்டிருந்தார்.

"கட்டுப் பிரிக்க முந்தாநாளே போயிருக்கணும். என் பொண்டாட்டி தினமும் பத்துத் தடவை ஏறி இறங்குறா. உங்க ஆபீஸ்ல மனுஷங்க வேலை செய்றாங்களா, இல்ல டேப் ஓடுதா?"

எங்கள் விதி இப்படி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வெட்கமாக இருந்தது, மூடிக்கொண்டாள். கோட்டுக்காரர் எழுதியது யாருக்கும் புரியவில்லை. இவளுடையது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. யோசிக்கிற வேலையும் அத்தோடு நின்றுவிட்டது.

"தப்பு எங்க மேலதான் அண்ணா," என்றாள்.

லிஃப்ட் நாற்பது நிமிஷத்தில் ஓடியது. மறுநாள் காலை பதினேழு மெக்கானிக்குகளும், ஃபோன் பெண்ணும், முதலாளியும் அந்தக் கட்டடத்தின் வாசலில் இருந்தார்கள். "யாரையும் திட்டப்போறதில்ல. டூல் பையைத் தூக்கிட்டு அஞ்சாவது மாடி வரைக்கும் படியில ஏறுங்க," என்றாள் அக்கா. மேலே கட்டுக்கால்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களைச் சத்தமாக எண்ணினார். ஐந்து நாளில் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது அப்போதுதான் என்றாள் அவர் மனைவி.

அன்றிலிருந்து "எத்தனாவது மாடி, யார் காத்திருக்காங்க?" என்று இரண்டாவது கேள்வி ஒன்று சேர்ந்தது. சாயங்காலம் ஆபீஸைப் பூட்டுவதற்கு முன்னால், வரிசையில் பழசாகிக் கிடக்கிற மூன்று பேருக்கு ஃபோன் பெண்ணே ஃபோன் செய்து பேச வேண்டும். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அன்று படியேறியபோது முதலாளி நாலாம் மாடியிலேயே ஷூவைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்த கட்டுக்கால்காரரின் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"லிஃப்ட்தான் ஓடுதே, ஏன் சார் படியில வந்தீங்க?"

"அந்தம்மாகிட்ட கேளுங்க," என்று மேலே கையைக் காட்டிவிட்டு, பாட்டிலை வாங்கி மடமடவென்று குடித்தார் அவர்.