பைண்டிங்குக்குப் போன புத்தகம்

கல்லல் சாலையில் இருக்கிற எங்கள் கிளை நூலகத்தில், கதைப் புத்தக அலமாரியின் மூன்றாம் தட்டில், ஒரு விரற்கடை அகலத்துக்கு ஒரு சந்து உண்டு. நூலகர் ஹஸ்னா காலையில் பூட்டைத் திறந்ததும், ஜன்னலைக்கூடத் திறக்காமல், நேரே அங்கே போய் அந்தச் சந்து இருக்கிறதா என்று பார்ப்பார். புத்தகம் இருக்கிறதா என்று பார்க்கிற நூலகர்களை நானும் பார்த்திருக்கிறேன். இல்லாத புத்தகத்தின் இடம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பவர் இவர் ஒருவர்தான்.

நான் மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் கணக்கெடுத்து ஓய்ந்தவன். வீட்டில் மருமகள் டிவியைப் போட்டதும் எனக்கு நாட்டு நடப்பு தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிடும், நூலகத்துக்குக் கிளம்பிவிடுவேன். பேப்பரில் தலையைக் கொடுத்தால் பக்கத்தில் யானை போனாலும் எனக்குத் தெரியாது. அந்த லட்சணத்தில் நான் பார்த்ததும், பிறகு ஹஸ்னா வாயால் கேட்டதும்தான் இது.

ஹஸ்னா காரைக்குடியில் இருந்து பஸ்ஸில் வருகிறவர். கணவர் ஜியாவுதீன் ஷார்ஜாவில் இருக்கிறார். வேலையில் மகா கறார். ஒருமுறை பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டதற்காக என் பேனாவைப் பிடுங்கி, சாயங்காலம்தான் கொடுத்தார். புத்தகங்கள் விஷயத்திலும் அப்படியேதான். கடைசிப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வீட்டுக்கு யாராவது எடுத்துப் போனால் அதில் தேதி முத்திரை விழும். வருடக்கணக்காக முத்திரை விழாத புத்தகத்தைக் கழிவில் கட்டிவிடுவார். "யாரும் எடுக்காத புத்தகம் அலமாரிக்குப் பாரம் சார். வர்றதுக்கு எடம் வேணும்ல" என்பார். பின்னறையில் ஒரு பக்கம் கழிவுக் கட்டு, இன்னொரு பக்கம் கிழிந்து பைண்டிங்குக்குப் போக வேண்டிய கட்டு. இரண்டுக்கும் ஒரே சணல் கயிறுதான்.

அந்தத் தட்டில் ஒல்லியாக ஒரு புத்தகம் இருந்தது. இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு டீச்சர் எழுதி, தன் கைக்காசில் அச்சடித்து, நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தார். காரைக்குடிக்குக் காலேஜ் போய்வந்த ஒரு பெண்ணின் கதை. வேறு தெருப் பையனைக் கட்டிக்கொள்ள நினைத்தாள். ஒரு நாள் கண்மாயில் பிணமாகக் கிடந்தாள். டீச்சர் பெயரை மாற்றித்தான் எழுதியிருந்தார். ஆனாலும் அது பக்கத்து ஊர் ரோகிணி என்று படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. கால் தவறி விழுந்ததாக எழுதி முடித்த சாவு அது. டீச்சர் அப்படி முடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் சந்தை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் காய்கறிப் பையோடு ஒரு அம்மாள் நூலகத்துக்குள் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிறவர் மாதிரி தயங்கி நின்றார். "கல்லல் டீச்சர் எழுதின பொஸ்தகம் இங்ஙன இருக்காம்ல தாயி" என்று கேட்டார். ஹஸ்னா எடுத்துக் கொடுத்தார். ஐந்தாவது வரை படித்தவர் போல. விரலை வைத்து, உதட்டை அசைத்து, ஒரே பக்கத்தை மறுபடி மறுபடி படித்தார். அந்தப் பெண் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் சிரித்தபடி நடந்து வருகிற பக்கம் அது.

மறு செவ்வாயும் வந்தார். உறுப்பினராகச் சேர்ந்தால் வீட்டுக்கே கொண்டு போகலாம் என்று ஹஸ்னா சொன்னதற்கு, "வேணாம் தாயி. வீட்டுக்குக் கொண்டு போனா அடுப்புக்குத்தான் போகும்" என்றார். பெயர் அழகி. ரோகிணியின் அம்மா. மகளின் போட்டோ, காலேஜ் அட்டை, சேலை எல்லாவற்றையும் வீட்டார் ஒன்றாகப் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். குடும்ப அட்டையில் பெயர் நீக்கியாகிவிட்டது. பிள்ளை பெயரை வீட்டில் சொல்லக் கூடாது. உலகத்தில் ரோகிணி மிச்சம் இருந்தது அந்தத் தட்டில் மட்டும்தான்.

வாரம் தவறாமல் அழகி வந்தார். ஆனால் புத்தகம் வெளியே போகாததால் கடைசிப் பக்கத்துத் தாள் வெள்ளையாகவே இருந்தது. எங்கள் நூலகத்திலேயே அதிகம் படிக்கப்பட்ட புத்தகம், தாளைப் பார்த்தால் ஒருவரும் தொடாத புத்தகம்.

எங்கள் வாசகர் வட்டத்துக்குத் தலைவர் பெரியகருப்பன். நூலகத்தில் சுற்றுகிற மின்விசிறிகள் அவர் உபயம், இறக்கையிலேயே பெயர் எழுதியிருக்கும். நிமிர்ந்து பார்த்தால் அவர் பெயர் தலைக்குமேல் சுற்றும். அழகியின் வீட்டுக்காரருக்கு உடன்பிறந்த அண்ணன். அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. அதுதான் அவரிடம் பயம்.

ஒரு காலையில் வந்து, அந்தப் புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து ஹஸ்னாவின் மேசையில் வைத்தார்.

"தடை பண்ணுங்க, அது இதுன்னு நான் சொல்ல வரலம்மா. அப்படிச் சொன்னா நாளைக்குப் பேப்பர்ல போடுவாக. நீங்க ரூல்படி நடக்கிறவுக. வருசக்கணக்கா யாரும் எடுக்கல. எடுக்காததக் கழிவுல போடுவீகல்ல?"

ஹஸ்னாவுக்கு வாய்வரை வந்துவிட்டது, வாரா வாரம் ஒருவர் வந்து படிக்கிறார் என்று. சொன்னால் புத்தகம் தப்பும். யார் என்று அடுத்த கேள்வி வரும். அழகி சந்தைக்கு வருகிற சாக்கில் எங்கே போகிறார் என்று அந்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். மகளுக்கு நடந்தது தெரிந்தவர் ஹஸ்னா. மெல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது என்பார்களே, அந்த நிலைமை. "உள்ள தையல் விட்டிருக்குங்கய்யா. பைண்டிங் முடிஞ்சு வரட்டும், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, அவர் போனதும் தையல் ஒன்றும் விடாத அந்தப் புத்தகத்தைப் பைண்டிங் கட்டுக்கு நடுவில் சொருகிவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். பைண்டிங்குக்குப் போனதை யாரும் நீக்கவும் முடியாது, படிக்கவும் முடியாது. சர்க்கார் ஆபீசில் ஒரு பொருளைத் தொலைக்காமல் தொலைக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

செவ்வாய்க்கிழமை அழகி வந்தபோதும் அதே பதிலைத்தான் ஹஸ்னா சொன்னார். கொஞ்ச நாள் இந்த அம்மாள் இங்குட்டு வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தார். அழகி நம்பினார். "நல்லா அழுத்தித் தச்சுத் தரச் சொல்லு தாயி. அந்தப் பக்கம் கைபட்டுக் கைபட்டு லேசாயிருச்சு" என்றார். சில வாரம் கேட்டுவிட்டு, பிறகு மேசைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். வராமல் போய்விட்டார் என்றுதான் ஹஸ்னா நினைத்தார். நினைக்கும்போது நிம்மதியாக இருந்ததாகவும், அந்த நிம்மதி தன்னை அருவருக்க வைத்ததாகவும் என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சந்து தொடங்கியது. புத்தகம் இருந்த இடத்தில் இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் நெருக்கி வைத்து ஹஸ்னா மூடியிருந்தார். ஒரு சாயங்காலம் பார்த்தால் அது திறந்திருந்தது. யாரோ புத்தகம் தேடியிருப்பார்கள் என்று மறுபடி மூடினார். சில நாள் கழித்து மறுபடி திறந்திருந்தது. அதே இடம், அதே அகலம். புத்தகங்களை இறுக்கி, ஓரத்தில் ஒரு அகராதியையும் முட்டுக் கொடுத்தார். அகராதி கீழ்த்தட்டில் படுத்திருந்தது. சந்து இருந்தது.

"சார், இந்தத் தட்ட யாரு தொடுறா?" என்று என்னைக் கேட்டார். எலியாக இருக்கும் என்றேன். முகம் வெளுத்திருந்ததைக் கவனிக்காமல், "இல்லாட்டி யாராவது வாசகர் செத்தும் படிக்க வராரோ என்னமோ" என்று கிண்டலும் பண்ணினேன். ஹஸ்னா சிரிக்கவில்லை. மத்தியானம் பின்னறையில் லுஹர் தொழும்போது அலமாரிகளுக்கு நடுவே யாரோ வெறுங்காலோடு நடக்கிற சத்தம் கேட்பதாக அப்புறம் சொன்னார். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற அந்தப் பெண்தான் அவருக்கு நினைவுக்கு வந்தாள். துஆ ஓதி அலமாரியில் ஊதினார். பஸ்ஸில் வரும்போது கண்மாய்ப் பக்கத்து ஜன்னலில் உட்காருவதை விட்டார். வெயில் கொளுத்துகிற பகலில் ஒரு படித்த பெண் பேய்க்குப் பயந்தார். நான் பார்த்த ஆட்களில் தப்பே செய்யாமல் அப்படிப் பயந்தவர் வேறு யாரும் இல்லை. தப்பு செய்த பெரிய மனிதர்கள் விசிறிக்குக் கீழே நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு நாள் தொழுகைக்கு நிற்கப்போன ஹஸ்னா, அந்தக் காலடிச் சத்தம் கேட்டதும் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். மூன்றாம் தட்டின் முன்னால் அழகி நின்றிருந்தார். காய்கறிப் பை தரையில் இருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் புத்தகங்களுக்கு நடுவில் கொடுத்து, மெதுவாக விலக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா செய்றீக?"

அழகி திடுக்கிட்டுக் கையை எடுத்தார். "ஒண்ணுமில்ல தாயி. நெருக்கி நெருக்கி வச்சிருக்கீக. பிள்ள திரும்பி வந்தா நிக்க எடம் வேணும்ல. ஒங்கள வாரா வாரம் கேட்டுத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான் நானே பாத்துட்டுப் போயிருவேன்."

ஹஸ்னா பின்னறைக்கு ஓடினார். யார் பார்த்தால் என்ன, இன்றைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். பைண்டிங் கட்டு வைத்திருந்த மூலை காலியாக இருந்தது. கழிவுக் கட்டு இருந்த மூலையும் காலி. அந்த மூலைப் பக்கம் போகவே பயந்து பல வாரமாகத் திரும்பிப் பார்க்காமல் இருந்திருக்கிறார். மார்ச்சில் ஹஸ்னா தன் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் விடுப்பில் போனபோது, வாசகர் வட்டத்தார் வந்து நூலகத்தைச் சுத்தம் செய்து கொடுத்ததாகவும், பழைய பேப்பர் வண்டி வந்ததாகவும் கட்டுகள் எங்கே என்று அவர் உள்ளிருந்து கேட்டதற்கு நான்தான் சொன்னேன். ஒரே சணல் கயிறு. எது கழிவு, எது பைண்டிங் என்று வண்டிக்காரனுக்கு என்ன தெரியும். வேறு பிரதி எங்கும் கிடையாது. மிச்சம் இருந்ததை எல்லாம் அந்த வீட்டார் எப்போதோ மொத்தமாக வாங்கிவிட்டார்கள், டீச்சரும் இறந்துவிட்டார்.

வெறுங்கையோடு வந்தார். நான் பேப்பரை மடக்கி வைத்துவிட்டேன். "போயிருச்சும்மா. நான்தான் ஒளிச்சு வச்சேன். கழிவோட சேர்ந்து போயிருச்சு" என்று சொல்லி அழுதார்.

அழகி அழவில்லை.

"அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம் தாயி. எழுத்து மாறாமச் சொல்லுவேன். ஆனா நாஞ் சொன்னா, பெத்தவ கிறுக்குப் பிடிச்சு ஒளர்றாம்பாக. அதுல போட்டிருந்தாத்தான் அப்படி ஒருத்தி இருந்தான்னு ஆகும்."

பையை எடுத்துக்கொண்டார். போகும்போது, கையை எடுத்ததில் சாய்ந்திருந்த ஒரு புத்தகத்தை நிமிர்த்தி, இடத்தைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

ஹஸ்னா அன்றிலிருந்து அந்த இடைவெளியை மூடவில்லை. அடுத்த மாதம் வாசகர் வட்டக் கூட்டத்துக்கு வந்த பெரியகருப்பன் அதைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, இந்த எடத்துல என்ன?" என்று கேட்டார்.

"டீச்சர் பொஸ்தகங்கய்யா. பைண்டிங்குக்குப் போயிருக்கு. திரும்பி வந்துரும்."

"அது எப்படி வரும்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. போனது போனதுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று ஹஸ்னா திருப்பிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தலைக்குமேல் அவர் பெயர் சுற்றிக்கொண்டிருந்தது.

"எப்ப வரும்னு சொல்ல முடியாதுங்கய்யா" என்றார் ஹஸ்னா. "ஆனா எடம் போட்டு வச்சிருக்கேன்."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது சரிதான். இப்போது பெரியகருப்பன் அடிக்கடி வருகிறார். பேப்பர் படிப்பதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. மூன்றாம் தட்டுக்குப் போய் நின்று, சந்து காலியாகத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வருவதில்லை. வாசலில் ஒரு ஜோடி பெண் செருப்பு கழற்றிப் போட்டிருந்ததை ஒரு செவ்வாயன்று பார்த்துவிட்டு, படி ஏறாமலே திரும்பிப் போனார்.