ஊருக்கு எழுத வேண்டாம்

ஆங்கிலத்தில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. ஒன்று வெகு சாதாரணமானது, பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதற்கு, ‘நத்திங் டு ரைட் ஹோம் அபவுட்’ என்பார்கள். ஊருக்குக் கடிதம் எழுதிச் சொல்லும்படி அதில் ஒன்றுமில்லையாம். உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை இதை விளக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். வகுப்பும் கூடவே போயிற்று. நான் மட்டும் போகவில்லை.

அதற்குச் சில வருடங்கள் முன்பு, ஊரைவிட்டுக் கடல் கடந்து வந்து, தேக்காவில் ஒரு கடைவீட்டின் மாடி அறையில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வெள்ளைக்கார அதிகாரிகளின் உத்தரவுகளைக் கேட்டுக் கேட்டே அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வந்திருந்தது. அந்த பாஷையில் எது காதில் விழுந்தாலும் அவருக்கு அது உத்தரவுதான்.

அம்மாவுக்கு ஓயாத வயிற்றுவலி. ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். சிரித்தபடி அப்பாவிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லி, மருந்து கொடுத்து அனுப்பினார்.

பஸ்ஸுக்காக நிற்கையில் அம்மா, “நாகப்பட்டினத்துக்கு ஒரு காயிதம் போடுங்க. தங்கச்சி கப்பலேறி வந்துட்டான்னா எனக்குத் தெம்பா இருக்கும்” என்றாள்.

“ஊருக்கு எழுத வேணாம்னு டாக்டரே சொல்லிட்டாரு” என்றார் அப்பா.

“ஏனாம்?”

“அதையெல்லாம் அவருகிட்ட கேக்க முடியுமா?”

அம்மா என்னைப் பார்த்தாள். “ஊருக்குச் சொல்லக்கூடாத வியாதியா” என்று மட்டும் சொன்னாள். அப்பாவுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பஸ் வந்ததும் எங்களை ஏற்றிவிட்டு, வேலைக்கு நேரமாகிறதென்று எதிர்ப்பக்கம் நடந்தார்.

கடிதம் போகவே இல்லை. மருந்து தீர்ந்தும் வலி தீரவில்லை. மறுபடி ஆஸ்பத்திரிக்கு வர அம்மா சம்மதிக்கவில்லை. “அதான் அவரு சொல்லிட்டாரே” என்பாள். தீபாவளிக்கு முன்பு, ரத்தமாக வாந்தியெடுத்து இறந்துபோனாள். டாக்டர் சாதாரணம் என்றுதான் சொல்லியிருந்தார். தப்பாகப் புரிந்துகொண்ட அம்மாவுக்குத்தான் உண்மை தெரிந்திருந்தது. அந்த வாக்கியத்தின் அர்த்தத்தை அப்பாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

போவதற்கு முந்தைய மாதங்களில் அம்மா எனக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்தாள். கண்ணாடி முன் உட்காரவைத்து, நானாகவே சடை பின்னச் சொன்னாள். கோணலாக வந்தால் அவிழ்க்கச் சொல்வாள். கை வலிக்கிறதென்று அழுதாலும் விடமாட்டாள். “பழகிக்கடி” என்பாள். ஒரு நாள் இரட்டைச் சடையும் நேராக வந்துவிட்டது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் படியிறங்கி ஓடி, கீழே பூக்கட்டிக்கொண்டிருந்தவரிடம், “இனிமே எனக்கு அம்மா வேணாம், நானே பின்னிக்குவேன்” என்று சடைகளை ஆட்டிக் காட்டினேன்.